ராக்குக்குப் பின்னாடி தொங்குற அந்த நீளப் பெட்டி: வாசகர் கேள்வி பதில்

போன மாசம் யூபிஎஸ் பேட்டரி எப்ப மாத்தணும்னு எழுதியிருந்தேன்ல, அதுக்கு வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல பேட்டரிய விட்டுட்டு ராக்குக்குள்ள (அதாவது சர்வர அடுக்கற இரும்பு அலமாரிக்குள்ள) இருக்கற பிடியூ பத்திதான் கேட்டிருக்காங்க. அதாங்க, பவர் டிஸ்ட்ரிபியூஷன் யூனிட், யூபிஎஸ்ல இருந்து வர்ற கரண்ட்ட வாங்கி சர்வர், சுவிட்ச், ஸ்டோரேஜ்னு பிரிச்சுக் குடுக்கற அந்த பெட்டி. எனக்கு சந்தோஷம்தான், ஏன்னா லட்சக்கணக்குல காசு குடுத்து சர்வர் வாங்குறவங்க கூட இத மட்டும் கடைசி நாள்ல "அப்படியே ஒரு பிளக் பலகையும் போட்டு விட்ருங்க"ன்னு சொல்லித்தான் பார்த்திருக்கேன். இந்த தடவ முழுக்க அதுதான்.

எங்க பனியன் கம்பெனியில இருக்கறதே ஒரே ஒரு ராக். மூணு சர்வர், ரெண்டு சுவிட்ச், ஒரு ஃபயர்வால், ஒரு என்ஏஎஸ் (ஃபைல் சேமிக்கற பெட்டி). ஆறு வருஷமா ரெண்டு ஸ்பைக் பஸ்டர்லதான் ஓடுது, ஒண்ணும் ஆகல. இப்ப வந்த வென்டார் பிடியூ போட்டே ஆகணும்ங்கறார். இது யாவாரப் பேச்சா, நிஜமாவே தேவையா? (திருப்பூர் வாசகர்)

யாவாரமும் இருக்கும், தேவையும் இருக்கு. ஆறு வருஷம் ஓடுச்சுங்கறது உங்க ஸ்பைக் பஸ்டரோட திறமை இல்ல, உங்க லோடு கம்மியா இருந்திருக்கு, அவ்ளோதான். ஒரு காரியம் பண்ணுங்க, அந்த ஸ்பைக் பஸ்டர்ல ஒரு பிளக்க லேசா ஒரு விரலால ஆட்டிப் பாருங்க. ஆடுதா? எல்லா வகை பின்னும் போகற மாதிரி ஓட்டை வச்ச சாக்கெட் எந்த பின்னையும் கெட்டியா பிடிக்காது, உள்ள இருக்கற பித்தளைத் தகடு ரெண்டு மூணு வருஷத்துல விரிஞ்சிடும், விரிஞ்ச இடத்துல சூடு, சூட்டுல இன்னும் விரியும். மேசை கம்ப்யூட்டர்னா சாயங்காலம் ஆஃப் பண்ணிடுவோம், சர்வர் அப்படி இல்லையே, ராவும் பகலும் இழுத்துக்கிட்டே இருக்கும்.

பிடியூல வர்ற சி13 சாக்கெட் (கம்ப்யூட்டர் பின்னாடி சொருகற கேபிள்ல இருக்குமே, அதே வாய்தான், 10 ஆம்ப் வரைக்கும்), பெரிய பிளேடு சர்வருக்கான சி19 சாக்கெட் (16 ஆம்ப்), ரெண்டும் பின்ன நல்லா கவ்விப் பிடிக்கும். கேபிள லாக் பண்ற மாடலும் இருக்கு, கொஞ்சம் காசு கூட, ஆனா ராக்குக்குப் பின்னாடி கைய விட்டு ஒரு கேபிள உருவப் போய் பக்கத்துல இருக்கறதயும் சேத்து உருவின அனுபவம் உங்களுக்கு இருந்தா அந்த காசு பெருசா தெரியாது.

உங்களுக்கு எவ்ளோ பெருசு வேணும்ங்கறதுக்கு சர்வர் பின்னாடி ஒட்டியிருக்கற 750 வாட் ஸ்டிக்கரப் பார்க்காதீங்க, அது அந்த பவர் சப்ளையால அதிகபட்சம் குடுக்க முடிஞ்சது. நிஜத்துல இழுக்கறது அதுல பாதி கூட இருக்காது பல நேரம். ஐடிராக், ஐஎல்ஓ மாதிரி சர்வரோட மேனேஜ்மென்ட் பேஜ்லயே இப்ப எவ்ளோ வாட்னு காட்டும், இல்லேன்னா கிளாம்ப் மீட்டர். ஆனா ஒண்ணு, கிளாம்ப் மீட்டர முழு கேபிள் மேல மாட்டிட்டு "சார் ஜீரோ காட்டுது, சர்வர் கரண்டே எடுக்கல"ன்னு ஒரு தம்பி எங்கிட்ட சொன்னான். பேஸ்ல போற கரண்டும் நியூட்ரல்ல திரும்பி வர்றதும் ஒண்ண ஒண்ணு கழிச்சுக்கும், அதான் ஜீரோ. பேஸ் வயர தனியா பிரிச்சு அது மேல மட்டும் மாட்டணும்.

230 வோல்ட்ல 16 ஆம்ப்னா 3680 வாட், அதுல 80 சதவீதத்தோட நிறுத்திக்கணும், சுமார் 2900. நீங்க சொன்ன சாமானுக்கு இது தாராளம். 16 ஆம்ப் பிடியூ ரெண்டு போதும், நெட்வொர்க்ல மாட்டற ஸ்மார்ட் மாடல் எல்லாம் வேண்டாம், ஆம்ப் மட்டும் காட்டற மீட்டர் வச்சது வாங்குங்க. 42யூ ராக்கா (யூங்கறது ராக்ல உயரத்த அளக்கற அலகு) இருந்தா செங்குத்தா பின்னாடி மாட்டற ஜீரோ யூ மாடல் நல்லது, இடத்தை அடைக்காது. ஆனா ராக்கோட ஆழத்த முதல்ல அளந்துக்குங்க, 800 எம்எம் பழைய ராக்ல செங்குத்து பிடியூ மாட்டினா சர்வரோட பவர் சப்ளைய வெளிய இழுக்க முடியாம அதுல இடிக்கும், பவர் சப்ளை போன அன்னிக்கு பிடியூவயே கழட்ட வேண்டி வரும். அந்த மாதிரி ராக்னா பேசாம 1யூ படுக்கை மாடலே போடுங்க.

எங்க ஆஸ்பத்திரி சர்வர் ரூம்ல இடது வலதுன்னு ரெண்டு பிடியூ, ரெண்டும் 32 ஆம்ப் சிங்கிள் பேஸ், தனித்தனி யூபிஎஸ். ஒண்ணுல 22, இன்னொண்ணுல 23 ஆம்ப் காட்டும், பச்சை லைட்தான் எரியும், நிம்மதியா இருந்தோம். போன மாசம் ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு யூபிஎஸ் படுத்துடுச்சு. இன்னொண்ணு தாங்கும்னு இருந்தோம், அரை மணி நேரத்துல அந்தப் பக்கத்து எம்சிபியும் (லோடு கூடினா தானா விழற சுவிட்ச்) ட்ரிப். பில்லிங்ல இருந்து லேப் ரிப்போர்ட் வரைக்கும் மொத்தமா படுத்துச்சு. எம்சிபி கெட்டுப்போயிடுச்சா? மாத்திட்டா சரியாயிடுமா? (மதுரை வாசகர்)

எம்சிபி மேல பழி போடாதீங்க, அது மட்டும்தான் அன்னிக்கு ஒழுங்கா வேலை பார்த்திருக்கு.

ரெண்டு பவர் சப்ளை இருக்கற சர்வர் பொதுவா பாதிய இந்தப் பக்கம், பாதிய அந்தப் பக்கம் இழுக்கும். ஒரு பக்கம் போச்சுன்னா மொத்தமும் மிச்சம் இருக்கற பக்கத்து மேல ஏறும். 22ம் 23ம் கூட்டுங்க. 45. உங்க எம்சிபி 32. சரி, அப்ப ஏன் உடனே விழாம அரை மணி நேரம் இழுத்துச்சுன்னு கேப்பீங்க. எம்சிபிக்குள்ள ஷார்ட் சர்க்யூட்டுக்கு டக்குனு அடிக்கற ஒரு காந்தம் இருக்கு, ஓவர்லோடுக்கு மெதுவா சூடாகி வளையற ஒரு உலோகப் பட்டை இருக்கு. ஸ்டாண்டர்டு என்ன சொல்லுதுன்னா 1.13 மடங்கு வரைக்கும் (32க்கு 36 ஆம்ப்) ஒரு மணி நேரம் ட்ரிப் ஆகவே கூடாது, 1.45 மடங்குல (46 ஆம்ப்) ஒரு மணி நேரத்துக்குள்ள ட்ரிப் ஆகியே தீரணும். உங்க 45 அந்த விளிம்புல நிக்குது. போதாததுக்கு அந்தக் கணக்கு 30 டிகிரிக்குப் போட்டது, ராக்கோட முதுகுப் பக்கம் சர்வர் ஊதற அனல்ல 40க்கு மேல இருக்கும், பட்டை அங்கயே பாதி சூடா நிக்குது, இன்னும் சீக்கிரம் வளையும். அரை மணி நேரம் தாங்கினதே பெரிய விஷயம். இத மாத்தி 40 ஆம்ப் எம்சிபி போடறேன்னு யாராவது சொன்னா உள்ள விடாதீங்க, பிடியூவோட வயரும் சாக்கெட்டும் 32க்குத்தான் செஞ்சது, எம்சிபி விழலேன்னா அதுதான் எரியும்.

ரெண்டு பக்கம்னு வச்சுட்டா ஒவ்வொரு பக்கமும் 40 சதவீதத்துக்கு மேல போகக்கூடாது. 32க்கு 12.8 ஆம்ப். அப்பதான் ஒரு பக்கம் போனா இன்னொரு பக்கம் 25.6ல, அதாவது 80 சதவீதத்துல நிக்கும். உங்க பச்சை லைட்டுக்கு இது தெரியாது, அது ஒவ்வொரு பிடியூவையும் தனியாத்தான் பார்க்குது, பக்கத்து வீட்டுக்காரன் செத்தா அவன் குடும்பமும் நம்ம தலையில விழும்னு அதுக்கு எங்க தெரியப் போகுது. அலாரம் வைக்க வசதி இருந்தா 12.8ல வைங்க, கம்பெனி செட்டிங்க அப்படியே விடாதீங்க.

உங்க லோடுக்கு த்ரீ பேஸ் 32 ஆம்ப் பிடியூவா மாத்தறது ஒரு வழி. 45 ஆம்ப் மூணு பேஸ்ல பிரிஞ்சா பேஸுக்கு 15 ஆம்ப்தான், ஒத்த பிடியூவே மொத்தத்தையும் தூக்கும், ஆனா நிஜமாவே மூணுக்கும் சமமா பிரிச்சு சொருகியிருக்கணும். யூபிஎஸ்சும் அப்படியே, ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு முழு லோடும் தாங்குமான்னு பாருங்க. அப்புறம் ரெண்டு யூபிஎஸ்சுக்கும் இன்புட் ஒரே டிபியில (கரண்ட்ட லைன் லைனா பிரிக்கற சுவர்ப் பெட்டி) ஒரே எம்சிபியில இருந்து வருதான்னும் பாருங்க, வந்தா நீங்க வச்சிருக்கறது ரெண்டு இல்ல, ஒண்ணுதான்.

இன்னொண்ணு, ராக்குக்குப் பின்னாடி டார்ச் அடிச்சு ஒவ்வொரு கேபிளா தடவிப் போங்க. அவசரத்துல மாட்டினவன் ஒரே சர்வரோட ரெண்டு கேபிளையும் ஒரே பிடியூல சொருகியிருப்பான், நான் பார்த்த ராக்ல பாதியில இது இருந்திருக்கு. இந்தப் பக்கத்துக்கு சிவப்பு கேபிள், அந்தப் பக்கத்துக்கு நீலம்னு வாங்கிட்டா இந்த தடவற வேலையே இல்ல. ஒத்த பவர் சப்ளை சுவிட்சுக்கு ராக்ல மாட்டற சின்ன டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் ஒண்ணு போடணும், ரெண்டு பக்கமும் வாங்கி ஒரு பக்கம் போனா கண் இமைக்கறதுக்குள்ள மாத்திக்கும். எல்லாம் முடிச்சுட்டு டாக்டர்ங்ககிட்ட சொல்லி வச்சுட்டு ஒரு ஞாயித்துக்கிழமை நீங்களே ஒரு பக்கத்த ஆஃப் பண்ணிப் பாருங்க. பயமாத்தான் இருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு தானா ஆஃப் ஆகறத விட பரவால்ல.

காலேஜ் லேப் ராக்குக்கு 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (எர்த்துக்கு கரண்ட் கசிஞ்சா கட் பண்ற சுவிட்ச்) போட்டிருக்கு. வாரத்துக்கு ரெண்டு தடவ காரணமே இல்லாம விழுது, முக்கியமா ஈபி கரண்ட் போய் திரும்ப வர்றப்போ. வயர்மேன் "கழட்டிடலாம் சார், சர்வருக்கெல்லாம் இது ஆகாது"ங்கறார். (கோயம்புத்தூர் வாசகர்)

அவர் சொன்னதுல பாதி நிஜம், அதனாலதான் ஆபத்து.

ஒவ்வொரு பவர் சப்ளைக்குள்ளயும் இரைச்சல வடிகட்ட சின்ன கெப்பாசிட்டர் பேஸ்ல இருந்து எர்த்துக்குப் போட்டிருப்பாங்க. அது வழியா எந்நேரமும் துளித்துளியா எர்த்துக்குக் கசியும், இது பழுது இல்ல, டிசைனே அப்படித்தான். ஒரு பவர் சப்ளைக்கு சுமாரா ஒரு மில்லி ஆம்ப்னு வச்சுக்குங்க. உங்க ராக்ல சர்வர், சுவிட்ச் எல்லாம் சேர்த்து பதினாறு பதினேழு பவர் சப்ளை இருந்தா? 30ன்னு எழுதின ஆர்சிசிபி 30ல விழாது, 15க்கும் 30க்கும் நடுவுல எங்க வேணா விழலாம், விதியே அப்படித்தான். நீங்க ஏற்கனவே அந்த 15ஐத் தாண்டி நிக்கறீங்க, கரண்ட் திரும்ப வர்றப்போ எல்லா கெப்பாசிட்டரும் ஒரே நேரத்துல சார்ஜ் ஆக ஒரு குதி குதிக்கும், விழுந்துடும்.

அதுக்காக கழட்டிட்டா? பசங்க கைய வைக்கற லேப்ங்க அது. அந்த லோட ரெண்டு மூணு சர்க்யூட்டா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் தனி ஆர்சிசிபி போடுங்க, ஏசி டைப்புக்குப் பதிலா ஏ டைப் கேளுங்க, எலக்ட்ரானிக்ஸ் லோடுக்கு அதுதான் சரி. பிரிச்ச பிறகும் விழுந்துச்சுன்னா நிஜமாவே எங்கயோ ஒழுகுது, ஒவ்வொரு கேபிளா உருவித்தான் தேடணும். கையோட இன்னொரு வேலை, ராக் உடம்புல பெயின்ட்ட சுரண்டி எர்த் வயர் போல்ட் போட்டிருக்கா, கதவுக்கு தனியா எர்த் பட்டை போயிருக்கான்னு பாருங்க. பெயின்ட் மேலயே வாஷர் வச்சு முறுக்கினது எர்த் இல்ல, அலங்காரம்.

பிடியூவுக்கு மெயின்டனன்ஸ்னு ஒண்ணு இருக்கா என்ன? ஏஎம்சிகாரங்க (வருஷ மெயின்டனன்ஸ் கான்ட்ராக்ட் எடுத்தவங்க) வருஷத்துக்கு ஒரு தடவ வந்து துணியால துடைச்சுட்டு கையெழுத்து வாங்கிட்டுப் போறாங்க. (சென்னை, திருவான்மியூர் வாசகி)

துடைக்கறதும் வேணும்தான், நீங்க வேற கடற்கரைப் பக்கம், உப்புக் காத்துக்கு தாமிரம் பச்சை பூத்துடும். ஆனா பிடியூ சாகறது தூசியால இல்ல, ஸ்க்ரூவால.

என் சொந்தக் கதை ஒண்ணு. ஒரு ஆபீஸ்ல இருந்து சாயங்காலம் போன், வரிசையா நாலு பவர் சப்ளை செத்துப்போச்சு, எல்லாம் ஒரே ராக்ல, வாரன்டியில மாத்திக் குடுத்தது மறுபடி போச்சுன்னாங்க. போனேன். ரூமுக்குள்ள நுழைஞ்சதும் லேசா மீன் வாசனை. ரெண்டு நாளா வருதாம், யாரோ மத்தியானம் மீன் குழம்பு கொண்டு வந்து சாப்பிட்டுட்டு டப்பாவ கழுவாம வச்சிருக்காங்கன்னு ஹவுஸ்கீப்பிங்க திட்டியிருக்காங்க. எலக்ட்ரிக் சாமான்ல இருக்கற பிளாஸ்டிக் சூடேறினா அப்படித்தாங்க நாறும், சர்வர் ரூம்ல மீன் வாசனை வந்தா டிபன் பாக்ஸ தேடாதீங்க. மீட்டர வச்சுப் பார்த்தா ஒரு பேஸ்ல 190 வோல்ட், இன்னொரு பேஸ்ல 270. த்ரீ பேஸ் லைன், நியூட்ரல் விட்டுப் போயிருக்கு. நியூட்ரல் இல்லேன்னா மூணு பேஸும் தங்களுக்குள்ளயே வோல்டேஜ பங்கு போட்டுக்கும், லோடு கம்மியா இருக்கற பேஸ் மேல வோல்டேஜ் ஏறும், அதுல மாட்டின சாமான் காலி. மெயின ஆஃப் பண்ணி, டெஸ்ட் பண்ணி, ஐசோலேட்டர் பெட்டிய திறந்தா நியூட்ரல் வயர் ரெண்டு இன்ச்சுக்கு பழுப்பா கருகி இருந்துச்சு, அந்த ஸ்க்ரூ எனக்கு ஒன்றரை சுத்து முறுக்க விட்டுச்சு. ஒன்றரை சுத்து! நாலு பவர் சப்ளைக்கும் ஒரு ராத்திரி வேலைக்கும் காரணம் அதுதான்.

ஏன் லூசானதுன்னு வயர வெளிய எடுத்துப் பார்த்தா நுனியில ஈயம் வச்சிருக்காங்க. நம்ம ஊர்ல நல்ல வேலைக்காரங்க கூட பண்ற தப்பு இது, பார்க்க நீட்டா இருக்கும், ஆனா ஸ்க்ரூ அழுத்தத்துல ஈயம் கொஞ்சம் கொஞ்சமா நசுங்கி நகந்துக்கிட்டே இருக்கும், ஆறு மாசத்துல பிடி போயிடும். மல்டி ஸ்ட்ராண்ட் வயர்னா நுனியில கிரிம்ப் பண்ற (நசுக்கி மாட்டற) ஃபெரூலோ லக்கோ போடணும், ஈயம் கூடாது. டெர்மினல்ல இத்தனை நியூட்டன் மீட்டர்னு டார்க் (முறுக்க வேண்டிய அளவு) எழுதியிருப்பாங்க, அதுக்குன்னு டார்க் ஸ்க்ரூட்ரைவர் இருக்கு, கைக்கு எட்டின மட்டும் முறுக்கறது கணக்கு இல்ல.

அதனால ஏஎம்சிகாரங்ககிட்ட துணிய கீழ வைக்கச் சொல்லிட்டு தெர்மல் கேமரா கொண்டு வரச் சொல்லுங்க. லோடு ஓடறப்பவே ஒவ்வொரு பிளக்கு, எம்சிபி, இன்டஸ்ட்ரியல் சாக்கெட்டா எடுக்கணும். ஒரே மாதிரி லோடு எடுக்கற ரெண்டு பிளக்ல ஒண்ணு மட்டும் பத்து பதினஞ்சு டிகிரி கூட காட்டினா அதுதான் உங்க மீன் குழம்பு. முறுக்கறது, கழட்டறது எல்லாம் லைன ஆஃப் பண்ணிட்டு, லைசென்ஸ் இருக்கற ஆளு. கேபிள் வர்ற ஓட்டையில எலி போகாம அடைச்சிருக்கான்னும் பாருங்க, பல்லியும்தான், டிபிக்குள்ள பல்லி விழுந்து ட்ரிப் ஆனத நான் மூணு தடவ பார்த்துட்டேன்.

எங்கட கந்தோர்ல ராக் பிடியூவ சுவர்ல இருக்கிற 13 ஆம்ப் பிளக் பொயின்ட்லதான் குடுத்திருக்கு. பிளக் நல்லா சுடுகுது, பியூஸும் ரெண்டு தரம் எரிஞ்சு போட்டுது. பெரிய பியூஸ் போடலாமோ? (யாழ்ப்பாணம் வாசகர்)

போடாதீங்க, அந்த சதுர பின் பிளக்குக்குள்ள 13 ஆம்புக்கு மேல பியூஸ் கிடையாது, அதுக்குப் பதிலா கம்பியோ சிகரெட் பேப்பர் ஈயத் தாளோ சுத்தி வைக்கறவங்க இருக்காங்க, அவங்க பேச்ச கேக்காதீங்க. 13 ஆம்ப்னா 230 வோல்ட்ல 2990 வாட், அதுவும் நாள் முழுக்க முழு லோடுல ஓடறதுக்கு அந்த பிளக்க யாரும் நினைக்கல. டிபியில இருந்து ராக்குக்குன்னு தனி லைன் இழுத்து நீல நிற 32 ஆம்ப் இன்டஸ்ட்ரியல் சாக்கெட் போடுங்க, வட்டமா மூடியோட இருக்குமே அது. கிட்டத்துல இருந்தா 6 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர், தூரம்னா இன்னும் தடிமன். பிடியூவும் 32 ஆம்ப் பிளக்கோட வர்றதா இருக்கணும், பழைய பிடியூவோட வயர வெட்டி பெரிய பிளக் மாட்டறது வேண்டாம். சுட்டு பழுப்பேறின பழைய சாக்கெட்ட அப்படியே விடாதீங்க, நாளைக்கு யாராவது அதுல கெட்டில் சொருகுவாங்க.

நெட்வொர்க்ல கனெக்ட் பண்ற பிடியூ வாங்கினா வீட்ல இருந்தே சர்வர ஆஃப் பண்ணி ஆன் பண்ணலாமாமே? (சேலம் வாசகர்)

பண்ணலாம், அடுத்தவனும் பண்ணலாம். வந்த பாஸ்வேர்ட மாத்தாம, எஸ்என்எம்பில (நெட்வொர்க் வழியா சாமான கண்காணிக்கற முறை) பாஸ்வேர்ட் மாதிரி பப்ளிக், பிரைவேட்னு இருக்கறத அப்படியே விட்டுட்டு ஆபீஸ் நெட்வொர்க்ல சொருகினா உங்க கரண்ட் சுவிட்ச வாசல்ல மாட்டி வச்ச மாதிரி. தனி விலேன்ல (நெட்வொர்க்ல தனியா பிரிச்ச பகுதி) போடுங்க, இன்டர்நெட்டுக்கு நேரா திறக்காதீங்க, விபிஎன் வழியா போங்க. முதல் நாளே எந்த அவுட்லெட்ல எந்த சர்வர்னு பேர் அடிச்சு, ஒட்டி, ஒரு தடவ சரிபாருங்க. 7ன்னு நெனச்சு 8ஐ ஆஃப் பண்ணிட்டு போன்ல மன்னிப்பு கேட்ட ஆளு நானு. இதுல எனக்குப் பிடிச்சது ரிமோட் இல்ல, கரண்ட் திரும்ப வர்றப்போ ஒவ்வொரு அவுட்லெட்டா சில செகண்ட் விட்டு ஆன் பண்ற வசதி. எல்லா பவர் சப்ளையும் ஒண்ணா முழிச்சா அந்த ஒரு நொடி இழுப்புக்கே எம்சிபி விழும்.

ராக் பிடியூல சாக்கெட் நிறைய காலியா கெடக்கு. ஹவுஸ்கீப்பிங் அக்கா வாக்கும் கிளீனர அதுல சொருகலாமான்னு கேட்டாங்க, சரின்னுட்டேன். தப்பா? (பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

பேர் வேண்டாம்னு சொன்னப்பவே பதில் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அந்த மோட்டார் ஸ்டார்ட் ஆகறப்போ இழுக்கற இழுப்பு யூபிஎஸ்ஸையே ஓவர்லோடு ஆக்கும். அக்காவுக்கு சர்வர் ரூம் கதவுக்கு வெளிய ஈபி லைன்ல ஒரு 16 ஆம்ப் பாயின்ட் போட்டுக் குடுங்க, காலியா இருக்கற சி13 வாய்ல எல்லாம் கடையில கிடைக்கற பிளாஸ்டிக் மூடி வாங்கிப் போட்டுடுங்க.